வழியில்தான் வசந்தம்

நடுவர் அவர்களே! எதிரணியில் மூட்டை முடிச்சோடு அமர்ந்திருக்கும் நண்பர்களே!

சுற்றுலாவில் மகிழ்ச்சி தருவது போகிற வழியா, போய்ச் சேருகிற இடமா? வழிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கேட்டார், "ஊட்டிக்குப் போவது ஊட்டியைப் பார்க்கத்தானே, ரயிலைப் பார்க்கவா?" என்று. ஐயா, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். மலை ரயில் ஏறி முடிக்க ஏறக்குறைய 5 மணி நேரம். 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பட்டியலில் சேர்த்ததே, எதை? போய்ச் சேருகிற இடத்தையா? வழியை ஐயா, வழியை! (கைதட்டல்)

ஊட்டிக்கு முன்னால் பெர்ன்ஹில் என்று ஓர் ஊர். 1908 செப்டம்பரில் இந்த ரயில் அதுவரைக்கும்தான் வந்தது. அப்போ பெர்ன்ஹில்தான் போய்ச் சேருகிற இடம். அக்டோபரில் ஊட்டிக்குத் தண்டவாளம் நீண்டது. பெர்ன்ஹில் வெறும் வழி ஆகிவிட்டது! மலை மாறவில்லை, மரம் மாறவில்லை. நம்ம பார்வைதான் மாறியது.

சில வருஷம் முன்னே, ஒரு சித்திரை மாதம், முட்டுவலியோடு இருந்த என் அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். பெர்ன்ஹில் பக்கம் வண்டி வருகிறது. அடுத்து ஊட்டி என்றதும் பெட்டிக்குள்ளே ஒரே கலவரம். வீட்டுக்காரர் சூட்கேஸை இறக்குகிறார். பையன் செருப்பைத் தேடுகிறான். நான் எண்ணுகிறேன், பை ஏழு, பிள்ளை இரண்டு. (சிரிப்பு)

அம்மா மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "ஏண்டி, இலையே தெரியாம ஊதாவாப் பூத்திருக்கே, இந்த மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துறா?" என்றார். ஜகரண்டா மரம். நான் திரும்பியே பார்க்கலை. "எழுந்திரும்மா, இறங்கணும்" என்றேன்.

மறுநாள் தாவரவியல் பூங்கா. மேடு ஏற முடியாமல் அம்மா வாசல் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊருக்கு வந்ததும் அக்கம்பக்கத்தார், "ஊட்டியில் என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார்கள். அம்மா சொன்னது அந்த ஒரு மரத்தைத்தான்.

ஜப்பானில் வசந்தத்தில் சாகுரா பூக்கும். ஒரு மரத்தில் பூ நிற்பது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்காகவே குடும்பத்தோடு மரத்தடியில் விரிப்பு போட்டு, சாப்பாட்டோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஹனமி என்று பேர். பூப்பார்த்தல் என்று அர்த்தம். சித்திரை வைகாசிக்கு நாமும் இளவேனில் என்று அழகாய்ப் பேர் வைத்தோம். உட்காரத்தான் நேரமில்லை! என் அம்மா ஜப்பானைப் பார்த்ததில்லை. ஆனால் பெர்ன்ஹில்லில் அவர் செய்தது ஹனமிதான்.

அம்மா இப்போது இல்லை. போன சித்திரையில் அதே ரயிலில் போனேன். பை ஒன்றுதான். பெர்ன்ஹில் வந்ததும் ஜன்னலோரம் நகர்ந்தேன். ஊதாப் பூவோடு நாலைந்து மரம் நின்றது. அம்மா காட்டினது எந்த மரம் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

நடுவர் அவர்களே, போய்ச் சேருகிற இடம் அங்கேயே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் போகலாம். கூட வருகிறவர்கள் வழியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஜன்னலைக் காட்டினால் பையை விட்டுவிட்டுத் திரும்பிப் பாருங்கள். வழிதான் மகிழ்ச்சி என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)