தட்டும் நாற்காலியும்: மேக்நாத் சாகாவை முன்வைத்து



இலக்கிய மேடையில் ஓர் இயற்பியல் பேராசிரியரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். மேக்நாத் சாகாவின் கதை ஒரு சோற்றுத் தட்டிலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் பேசுகிறோம்.

1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தைக்குச் சிறிய மளிகைக் கடை. வங்கத்துச் சாதி ஏணியில் கீழே வைக்கப்பட்ட வணிகச் சமூகம். மேலே படிக்க வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு மருத்துவர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் சாப்பிட்ட தட்டைப் பையனே கழுவ வேண்டும், மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

1911இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. ஈடன் இந்து விடுதியில் மேல்சாதி மாணவர்கள் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அறிவுக்கு இடம் உண்டு, தட்டுக்கு இடம் இல்லை. இது நம் விடுதிகளில் இன்றும் வேறு வேறு வடிவில் நடப்பதுதானே?

ஒன்பதே ஆண்டுகளில், 1920இல், அவருடைய அயனியாக்கச் சமன்பாடு வெளிவந்தது. விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தெரியும் கோடுகள் அதன் வெப்பநிலையை எப்படிச் சொல்கின்றன என்பதை அது விளக்கியது. இதைப் பயன்படுத்தித்தான் 1925இல் சிசிலியா பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்ற முடிவை எட்டினார்.

1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பேராசிரியர். பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், அறிவியல் புலத்தின் டீன். அந்த நாற்காலியில் அவர் சும்மா உட்காரவில்லை. முதுகலைப் பாடத்தில் அணுக்கரு இயற்பியலைச் சேர்த்தார். அதற்கென ஒரு நிறுவனம் எழுப்பினார். 1950இல் ஐரீன் ஜோலியோ கியூரி அதைத் திறந்துவைத்தார். 1952இல் நாடாளுமன்றம் போனார். அண்ணல் அம்பேத்கர் மறைந்த அதே 1956இல் அவரும் மறைந்தார்.

ஓர் எச்சரிக்கை. 'திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம், பாருங்கள் சாகாவை' என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் அவர்களிடம் கேட்போம்: அந்தத் தட்டைக் கழுவியும் படிக்க முடியாமல் திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்தச் சமன்பாட்டிலும் இல்லை.

ஆகவே, ஆய்வுப் படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்பது இரண்டுதான். விடுதியில் அவமானம் நேர்ந்தால் தனியாகச் சுமக்காதீர்கள், நம்மிடம் வாருங்கள். நாளை நாற்காலி கிடைத்தால், அடுத்து வரும் பிள்ளை தயக்கமில்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காரும்படி பந்தியை மாற்றுங்கள்.

ஜெய்பீம்.