சிறு வெட்டு வேலைகளுக்கேற்ற பற்றறி வாள்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



வேலிக்குக் கதியால் வெட்டுதல், தேசியையும் முருங்கையையும் கத்தரித்தல், பாகற் பந்தலுக்குக் கம்பு அறுத்தல், நீர்க்குழாயைத் துண்டித்தல் ஆகியன நம் தோட்டங்களில் அடிக்கடி நிகழும் வேலைகளாகும். இவற்றுக்கென, ஒரு கையாற் பிடித்து இயக்கத்தக்க சிறிய பற்றறி வாள்கள் இப்பொழுது விற்பனைக்கு வருகின்றன. கடைகளில் இதனை 'றெசிப்புறோக்கேற்றிங் சோ' என்பர். தையல் இயந்திரத்தின் ஊசிபோல இதன் அலகு முன்னும் பின்னும் விரைந்து அசைந்து அறுக்கின்றது. இதன் விலை சிறிதன்று. ஆகையால் வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவதாக, உங்கள் வேலையை அளந்து பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு உட்பட்ட கொப்புகளும் குழாய்களுமே பெரும்பான்மையெனின் 12 வோல்ற்று வாள் போதும். மூன்று, நான்கு அங்குலக் கதியால்களை நாள்தோறும் அறுப்பவருக்கு 18 வோல்ற்று வாள் வேண்டும். சில பெட்டிகளில் 20 வோல்ற்று எனக் குறித்திருப்பர். அது முழு மின்னேற்றம் பெற்ற வேளையிலுள்ள அளவேயன்றி, 18 வோல்ற்றிலும் மேலான வலுவைக் குறிப்பதன்று. அலகின் அசைவு தூரம் சிறிய வாள்களில் அரை முதல் முக்கால் அங்குலம் வரையும், பெரியவற்றில் ஓர் அங்குலத்துக்கு மேலும் இருக்கும். அசைவு நீண்டால் அறுப்பு விரையும். ஆயின் அதிர்வும் பாரமும் கூடும். பெரிய வாளைத் தலைக்குமேல் உயர்த்திக் கொப்பு வெட்டுபவரின் கை விரைவிற் சோர்ந்துவிடும். சோர்ந்த கையே காயப்படும் கை. எனவே கடையிலேயே பற்றறியைப் பூட்டி, கையில் உயர்த்திப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவதாக, பற்றறியைக் கவனியுங்கள். ஒரு நிறுவனத்தின் பற்றறி மற்றொன்றின் கருவிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. உங்களிடம் ஏற்கெனவே பற்றறித் துளைகருவி இருப்பின், அதே பற்றறி பொருந்தும் வாளை, பற்றறியின்றி வெறும் கருவியாக வாங்கினாற் பணம் மிஞ்சும். வோல்ற்றை அம்பியர் மணியாற் பெருக்கினால் பற்றறியின் கொள்ளளவு தெரியும். 18 வோல்ற்று, 2 அம்பியர் மணிப் பற்றறியில் 36 வாற்று மணி உண்டு. 4 அம்பியர் மணியில் அதன் இரு மடங்கு உண்டு. ஆயின் அதன் பாரமும் கூடும்.

மூன்றாவதாக, வெளிநாட்டிலுள்ள உறவினர் கொண்டுவரும் கருவிகளிற் கவனம் தேவை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. கனடாவிலோ அமெரிக்காவிலோ வாங்கிய மின்னேற்றி 120 வோல்ற்றுக்கு மட்டும் அமைந்ததாயின், இங்கு செருகியவுடன் எரிந்துவிடும். அதன் முகப்புச் சீட்டிற் குறித்துள்ள அளவில் 230 வோல்ற்றும் அடங்கியிருத்தல் வேண்டும்.

நான்காவதாக, அறுப்பது அலகே என்பதை மறவாதீர்கள். பச்சை மரத்துக்கு அங்குலத்துக்கு 5 அல்லது 6 பற்களுள்ள அலகும், ஆணியுள்ள பலகைக்கு 10 முதல் 14 பற்களுள்ள இருலோக அலகும், இரும்புக் குழாய்க்கு 18 முதல் 24 பற்களுள்ள அலகும் ஏற்றவை. மூன்று அங்குலக் கொப்புக்கு ஆறு அங்குல அலகு பொருத்தமானது. எல்லா நிறுவனங்களின் அலகுகளும் பொருந்தக்கூடிய பொதுக் காம்பு அமைப்புள்ள வாளையே தெரிவு செய்யுங்கள்.

பயன்படுத்தும்போது வாளின் முன்னுள்ள தாங்குதட்டை மரத்தோடு அழுத்திப் பிடியுங்கள், அதிர்வு குறையும். கொப்பின் அடிப்புறத்திற் சிறிது அறுத்தபின் மேற்புறத்தில் அறுத்தால் பட்டை கிழியாது. இவ்வாளின் வெட்டு முகம் சொரசொரப்பாயிருக்கும். ஆதலால் நடுகைக்குரிய கதியாலின் அடியைக் கூரிய கத்தியாற் செப்பஞ் செய்யுங்கள். அலகை மாற்றுமுன் பற்றறியைக் கழற்றுங்கள். அறுத்த அலகு சுடும், வெறுங்கையாற் தொடாதீர்கள். கண்ணாடி அணிவது அவசியம். பற்றறியை வெயிலில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் அது ஆறிய பின்னரே மின்னேற்றுங்கள்.

இறுதியாக ஒன்று. ஆண்டில் இரண்டொரு நாள் மட்டும் கொப்பு வெட்டும் நெற் செய்கையாளருக்கு ஒரு நல்ல கைவாளே போதும். அயலிலுள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாளை வாங்கி, ஒருவர் பொறுப்பில் வைத்துப் பயன்படுத்துவதும் சிக்கனமான வழியாகும். மீதியாகும் பணம் விதைக்கும் பசளைக்கும் உதவும். வேலையை அளந்து, கையிற் பிடித்துப் பார்த்து, அதன் பின்னரே வாங்குவீர்களாக.