பழைய வெல்டிங் இயந்திரம்

சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலையும், 1905-இல் பெங்களூரு நகரத்தையும் எட்டியது. 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி. நிறுவனமும் இங்கே தோன்றின. பெருந்தொழில்களை அண்டிச் சிறு பட்டறைகள் பெருகின. அத்தகைய பட்டறை ஒன்றை நாங்கள் மூவர் பீன்யாவில் நடத்தி வருகிறோம்.

கைப்பெட்டி அளவே உள்ள இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரங்கள் இன்று கடைதோறும் கிடைக்கின்றன. அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அவற்றின் மின்னணு அட்டை பழுதுற்றால் நம் கையால் ஆவது ஒன்றுமில்லை. பழைய டிரான்ஸ்பார்மரோ இரும்பும் கம்பியும் எண்ணெயும் மட்டுமே. ஆகவே சிவாஜிநகரின் பழம்பொருள் கடை ஒன்றில், எண்ணெயில் மூழ்கிய பழைய இயந்திரத்தை எடைக்கு விலை பேசி வாங்கினோம். செம்பு என்று சொல்லி அலுமினியக் கம்பி சுற்றியதைத் தலையில் கட்டுவோரும் உண்டு; கத்தி முனையால் சற்றே சுரண்டினால் வெண்மை காட்டிக் கொடுத்துவிடும். எமக்குக் கிடைத்தது செம்புதான்.

அன்று மாலையே இணைத்துப் பார்க்க ஆவல் கொண்டோம். காயில் சுற்றும் பெரியவர் ஒருவர் தடுத்தார். “தம்பி, மெக்கர் வைக்காமல் சுவிட்சைத் தொடாதே” என்றார். அவர் சொல்லை மீறாதது எம் நற்பேறு.

மெக்கர் என்பது 500 வோல்ட் அழுத்தம் தந்து, மின்காப்பு எவ்வளவு உறுதியாக உள்ளது என அளக்கும் கருவி. முதற்சுற்றுக்கும் உடற்கூட்டுக்கும் இடையே குறைந்தது ஒரு மெகஓம் வேண்டும். முள்ளோ பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. கம்பிகள் இணையும் பேக்கலைட் பலகை கருகிக் கரியாகியிருந்தது. அந்தக் கரியின் வழியே மின்சாரம் உடற்கூட்டுக்குப் பாய வழி இருந்தது. அப்படியாயின் பியூஸ் எரிந்திருக்க வேண்டுமே? தேடினோம். நில இணைப்புக் கம்பி வெட்டப்பட்டு, நாடா சுற்றி உள்ளே மடிக்கப்பட்டிருந்தது! பியூஸ் அடிக்கடி போவதைக் கண்ட யாரோ, நோயை விட்டுவிட்டுக் காவலனைக் கொன்றிருக்கிறார். இரண்டு பேஸ்களுக்கிடையே 415 வோல்ட் வாங்கும் இயந்திரம் அது. மழையில் நனைந்த தரையில் நின்று அதன் கூட்டைத் தொடும் பையனின் கதி என்னவாகும்?

பலகையை மாற்றினோம், முள் 0.3 வரை வந்தது. மிச்சம் ஈரத்தின் வேலை. எண்ணெயை வடித்தபோது அடியில் தண்ணீர் நின்றது. (முற்கால எண்ணெய்கள் சிலவற்றில் பி.சி.பி. என்னும் நஞ்சு இருக்கக்கூடும். வெறுங்கையால் தொடுவதும் சாக்கடையில் ஊற்றுவதும் ஆகாது.) சுற்றுகளைச் சங்கிலிக் கப்பியால் தூக்கி, மரப்பெட்டியில் வைத்து, வெப்பம் 80 டிகிரியைத் தாண்டாதவாறு விளக்குகளால் உலர்த்தினோம். சூடேறத் தொடங்கியதும் அளவு முன்னிலும் குறைந்தது, மனம் தளர்ந்தோம். ஈரம் வெளியேறும்போது அப்படித்தான் குறையும் என்றார் பெரியவர். மூன்றாம் நாள் முள் ஏறத் தொடங்கி, ஐந்தாம் நாள் 20 மெகஓமில் நிலைத்தது. வார்னிஷ் பூசி மீண்டும் உலர்த்திப் புதிய எண்ணெய் நிரப்பினோம். துருவேறி இறுகிய கைப்பிடி மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறி இளகிற்று. அதைச் சுழற்றினால்தான் உள்ளிருக்கும் இரும்பு நகர்ந்து ஆம்பியர் கூடும், குறையும்.

நில இணைப்பைப் புதிதாகத் தந்த பின்னரே சுவிட்சைப் போட்டோம். வெல்டிங் முனையில் 78 வோல்ட் காட்டிற்று. நனைந்த கையுறைக்கு அதுவும் ஆபத்தே. 3.15 மில்லிமீட்டர் குச்சியை மாட்டி, 120 ஆம்பியரில் வைத்துத் தகட்டில் உரசினோம். வாணலியில் அப்பளம் பொரிவது போன்ற சீரான ஓசை எழுந்தது. பெரியவர் ஓசையை மட்டும் கேட்டுத் தலையசைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுதோறும் மெக்கர் வைத்து, அளவைப் பட்டறைச் சுவரில் எழுதி வருகிறோம். சென்ற முறை 18.