வாடகை வீடும் வளர்ப்பு நாயும்

தருமபுத்திரர் சுவர்க்க வாயிலை அடைந்தபோது, நாயோடு வந்தவர்க்கு அங்கே இடமில்லை என்று இந்திரன் மறுத்தான் என்பது பாரதக் கதை. அந்த வாயிலில் இன்று நாமும் நிற்கின்றோம். கோலார் தங்கவயலை விட்டுப் பெங்களூரில் குடியேற விரும்பும் தமிழ்க் குடும்பத்தாரிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, “நாய் உண்டா?” என்பது.

தங்கவயலில் இக்கேள்வி எழுந்ததில்லை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பொறுப்பை ஏற்றபின், வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து நம் முன்னோர் அங்கே சென்று சேர்ந்தனர். அவர்கள் வாழ்ந்த ‘லைன்’ வீடுகள் மிகச் சிறியவை. வீடு கம்பெனிக்குச் சொந்தம். ஆயினும் வாசல் நம்முடையதாக இருந்தது. அங்கே கோழியும் நாயும் யாரையும் கேளாமலே வளர்ந்தன.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பிழைப்புக்குப் பெங்களூரே கதி என்றாயிற்று. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, இரவில் வீடு திரும்பி அலுத்தவர்கள் அங்கேயே வாடகைக்கு இடம் தேடுகின்றனர். பெட்டியும் பாத்திரமும் வண்டியில் ஏறுகின்றன. நாய் மட்டும் பூட்டிய வீட்டின் வாசலிலே நின்றுவிடுகிறது. இதைத் தவிர்க்க வழியில்லையா?

உண்டு. முதலில், மறுப்பவர் யார் என்பதை அறிய வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் வேறு. வீட்டின் சொந்தக்காரர் வேறு. பெரும்பான்மையோர் வாக்களித்தாலும் வளர்ப்புப் பிராணிகளைச் சங்கம் தடை செய்ய இயலாது. அவற்றுக்கெனத் தனிக் கட்டணம் விதிப்பதும் தகாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்புகள் கூறுகின்றன. 1962-இல் அமைந்த அவ்வாரியத்தின் முதல் தலைவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரே. ஆனால், தம் வீட்டை நாய் வளர்ப்பவர்க்கு வாடகைக்கு விட்டே தீரவேண்டும் என்று சொந்தக்காரரை அக்குறிப்புகள் கட்டாயப்படுத்துவதில்லை. அவரிடம் நாம் இணக்கமாகவே பேச வேண்டும்.

நாயை மறைத்து வைத்து, முன்பணம் கொடுத்தபின் அழைத்து வருவோர் உண்டு. அது பெருந்தவறு. உண்மை வெளிப்படும் நாளில் வீடும் போய், முன்பணத்திற்கும் வழக்கு வரும். எனவே முதல் நாளே சொல்லுங்கள். சுவரும் கதவும் பாழாகும், குரைப்பு ஓயாது, அண்டையார் அஞ்சுவர் என்பனவே சொந்தக்காரரின் கவலைகள். அவை நியாயமானவை. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் காட்டுங்கள். நாயை நேரில் பார்க்கச் செய்யுங்கள். சேதத்தைச் சீர்செய்து தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். அவர் இசைந்தால், “வளர்ப்பு நாய் ஒன்று உடனிருக்கும்” என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

எங்கே தேடுவது என்பதும் முக்கியம். நகரின் நடுவே மாடிக் குடியிருப்பைத் தேடுவதைவிட, நம் ரயில் பாதையிலேயே உள்ள மாலூர், ஒயிட்பீல்டு, கிருஷ்ணராஜபுரம் பக்கங்களில் தனி வீட்டையோ கீழ்த்தளத்தையோ தேடுவது மேல். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே தேடத் தொடங்கினால், கிடைத்த வீட்டில் நுழைந்துவிடும் அவசரம் நேராது. குடிபுகுந்தபின் நாயைக் கட்டி அழைத்துச் செல்வதும், அசுத்தத்தை நாமே அகற்றுவதும் நம் கடமை. அடுத்து நாயுடன் வருபவர்க்கு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் நம் நடத்தையைப் பொறுத்ததே.

எவ்வளவு முயன்றும் இடம் கிடைக்கவில்லையா? மனமொப்பி ஏற்கும் உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ ஒப்படைத்து, உணவுச் செலவுக்கும் வகை செய்யுங்கள். பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றமாகும். மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழர்க்கும் இச்சட்டம் பொருந்தும்.

நாயை விட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டாம் என்றார் தருமர். நாமோ சுவர்க்கம் கேட்கவில்லை. ஓர் அறையும் ஒரு வாசலுமே கேட்கின்றோம். பொறுமையோடும் உண்மையோடும் கேட்டால் இசைகின்ற வீட்டுக்காரரும் இருக்கின்றனர்.