சமாதானமும் ஒரு படிப்பே!
(மரக்காணத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

சகோதரர்களே! 2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் சாதி மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன. பிறகு போலீஸ் வந்தது, வழக்கு வந்தது. பகை முற்றுமுன் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசப் பயின்றவர்கள் ஊருக்கு நால்வர் இருந்திருந்தால்?

உப்பு தானாக விளைவதில்லை. பாத்தி கட்டத் தெரிந்தவர் வேண்டும். சமாதானமும் அப்படித்தான். டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் 2004-ல் தொடங்கிய நெல்சன் மண்டேலா மையம் இதை முதுகலைப் பட்டமாகவே கற்பிக்கிறது. ஐ.நா. அமைப்புகளிலும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களிலும் இதற்கென்றே பணிகள் உண்டு.

இளைஞர்களே, பொறியியல் மட்டுமே படிப்பல்ல, இதையும் விசாரியுங்கள். வணிகர்களே, கலவரம் என்றதும் முதலில் மூடப்படுவது உங்கள் கடைதான். ஆண்டுக்கு ஒரு மாணவரின் படிப்புச் செலவை ஏற்க முன்வாருங்கள்!