தங்கவயலில் வட ஆர்க்காடு



ஆரணியில் பேச அழைத்தால் பட்டைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். கோர்வை நெசவும் ஜக்கார்டுத் தறியும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தறி இல்லாத சேரிகளிலிருந்தும் மானாவாரிக் கிராமங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்கள் கட்டிய ஊரைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன். அந்த ஊர் கோலார் தங்கவயல்.

தங்கவயலின் வரலாற்றை இதுவரை பெரும்பாலும் கம்பெனிக் கணக்கை வைத்தே எழுதியிருக்கிறார்கள். எத்தனை டன் தங்கம், எத்தனை அடி ஆழம் என்று அது போகும். ஆட்களின் கணக்கை எடுத்தால், அந்த வரலாற்றில் பெரும்பகுதி பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் கிடக்கிறது. 1911இல் பிரிந்துபோன சித்தூரும் அதில் சேர்த்திதான். நம் மாவட்ட வரலாற்றில் அந்தப் பக்கங்கள் இன்னும் காலியாகவே இருக்கின்றன.

வெள்ளைக்காரர் கண்டுபிடித்த தங்கம் என்பது பாதி உண்மை. 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், ஊர்மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கேள்விப்பட்டுத்தான் அங்கே போனார். மாரிக்குப்பத்தில் அப்போதே குழி தோண்டிக் கல்லெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதி வைத்ததை, நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் 1871இல் படித்தார். 1875இல் உரிமம் வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. அதன்பிறகு ஊரின் பெயர்களே மாறின. சாம்பியன் ரீஃப், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஆயின. மாரிக்குப்பமும் ஊரிகமும் மட்டும் பழைய பெயரோடு தப்பின.

அதே சமயத்தில் இங்கே என்ன நடந்தது? 1876 தொடங்கி 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நிலமில்லாத பண்ணையாளுக்கு ஊரில் கூழும் இல்லாத காலம். அதை அடுத்துத்தான் மலைக்கு அந்தப் பக்கம் தங்கவயலில் ‘கம்பெனி வேலை’ திறந்தது. மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். போனவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை போட்ட பிறகு, காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக வாசல்வரை ரயில் போனது. பஞ்சம் ஒரு வருஷத்தில் தீரலாம், முன்பணக் கடன் அப்படித் தீராது.

1891இல் சுமார் 7,000 பேர் இருந்த இடம், 1901 கணக்கெடுப்பில் 38,000ஐத் தாண்டியது. பிள்ளைப்பேற்றால் எந்த ஊரும் பத்து வருஷத்தில் இப்படிப் பெருகாது. மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகள் வரிசை வரிசையாக எழுந்தன. ‘லைன்’ என்றார்கள். லைன் வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். உலகமே வியந்த காரியம். வந்தது இயந்திரங்களுக்காக. கீழே சுரங்கத்தில், பாறையே சுடும் ஆழத்தில், மேலிருந்து குளிர்காற்றை அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அதில் தப்பியவர்களைக் கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மெல்லக் கொன்றது.

மேலே ஏறி வந்தவனைத் தங்கம் ஒளித்திருக்கிறானா என்று சோதனை போட்டார்கள். 1930இல் எல்லாத் தொழிலாளரிடமும் கைரேகை வாங்கிப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது, சுரங்கம் மொத்தமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கூலி உயர்வு கேட்டு அல்ல, ‘நாங்கள் திருடர்களா’ என்று கேட்டு. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் எண்ணம்.

அந்தத் தன்மானம் திடீரென்று முளைத்ததல்ல. ஒடுக்கப்பட்ட மக்களைப் பௌத்தத்துக்கு அழைத்த அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழைத் தங்கவயல் லைன் வீடுகளில் கூட்டம் கூடிப் படித்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடந்தது. பண்டிதர் மறைந்து, இதழும் நின்ற பிறகு, 1926இல் அவர் வழிவந்த ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டதும் அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலைதான். சுரங்கத்தில் இறங்கியவன் கூலியில் மிச்சம் பிடித்து அச்சுக்கூடத்துக்குக் கொடுத்த காசு அது. இந்தச் சேதியை மட்டும் தனியாக ஒரு சொற்பொழிவாகப் பேசலாம்.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். 1956இல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்குப் போனது, பிறகு மத்திய அரசுக்கு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்தாகிவிட்டது.

சுரங்கம் மூடிய ஊர் காலியாகும் என்பது உலக வழக்கு. தங்கவயல் காலியாகவில்லை. 1951இல் சுமார் 1,59,000 பேர். 2011இல் ராபர்ட்சன்பேட்டை நகரில் 1,62,000 பேர். எல்லைகள் மாறியிருப்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் ஊர் கலையவில்லை என்பது தெளிவு. காரணம் எளிது. நான்கு தலைமுறைக்கு முன் நிலமில்லாமல் போனவருக்குத் திரும்பி வந்து நிற்க இங்கே என்ன இருக்கிறது? விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் கூலிக்கும் காவல் வேலைக்கும் போய், இரவில் திரும்புகிறார்கள். கணக்கெடுப்பு அவர்கள் படுக்கும் இடத்தைத்தான் எண்ணுகிறது.

தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சையனைடு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஏலம் விடும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் தந்திருக்கிறது. அந்த மேடுகளைக் குவித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் வேலை உண்டா என்பதை யாரும் சொல்லவில்லை.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள். ஆரணி, போளூர், செய்யாறு வட்டாரத்து மாணவர்களை அடுத்த கோடை விடுமுறையில் வீடு வீடாக அனுப்புங்கள். உங்கள் வீட்டிலிருந்து தங்கவயலுக்குப் போனது யார், எந்த வருஷம், எந்தச் சுரங்கம், எந்த லைன், திரும்பி வந்தாரா? இந்த ஐந்து கேள்வி போதும். பதில் சொல்லக்கூடிய வயதில் இருப்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அந்த நோட்டுப் புத்தகங்களிலிருந்து யாராவது பேசட்டும்.