‘மலைக்காரன் உடம்பு’ என்கிற பாராட்டு

(ஜமுனாமரத்தூரில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

உட்கார்ந்தபடியே பேசுகிறேன். கொஞ்ச நேரம் நின்றாலே இடது கால் மரத்துப்போகிறது.

கீழ்நாட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தேன். ஒருநாள் பெரிய மோட்டார் ஒன்றை இடம் மாற்ற வேண்டியிருந்தது. செயின் பிளாக் வேறு ஷெட்டில் இருந்தது. “அது வர்றதுக்கு நேரமாகும். நீங்க நாலு பேரும் மலைக்காரங்க, உங்களுக்கு இதெல்லாம் ஒரு பாரமா?” என்றார் சூப்பர்வைசர். நாங்களும் பெருமையோடு தூக்கினோம். இடுப்பில் சுளீரென்றது.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. அடியே படவில்லை என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். விலகிய ஜவ்வும் அது அழுத்துகிற நரம்பும் எம்ஆர்ஐயில்தான் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பாராட்டைப் பற்றித்தான் பேச வந்தேன். மலக்குழிக்குள் இறக்கப்படுகிறவரிடமும் “உனக்குப் பழக்கம்தானே” என்றுதான் சொல்கிறார்கள். பழக்கம், உடம்புவாகு என்ற சொற்களுக்குள் சாதி ஒளிந்துகொள்கிறது. இன்னாருடைய முதுகு தாங்கும் என்று முடிவு செய்துவிட்டால், கருவிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். அவர்களில் நம் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரத்தின் வைரம் தண்ணீரில் மூழ்குகிற அளவுக்குக் கனமானது. வண்டி போகாத காட்டில் அதை வெட்டிச் சுமக்க ஏஜென்ட்டுகள் ஆள் தேடுவது நம் ஊர்களில்தான். அங்கேயும் நம் தகுதி, மலையேறிப் பழகிய கால்கள். மரத்தை விற்றுப் பணம் பார்க்கிறவர் காட்டுக்குள் வருவதில்லை.

காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொன்னது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் முதன்மை முதலாளியே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. இவை நமக்கு யாரோ போடும் பிச்சை அல்ல, நம் உரிமை.

ஆனால் உரிமை கேட்க ஆதாரம் வேண்டும். அடிபட்ட அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். “வேலையில் பாரம் தூக்கும்போது ஏற்பட்டது” என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கூட இருந்தவர்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள். சங்கத்தில் சேருங்கள். என் சீட்டில் ‘இடுப்பு வலி’ என்று மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

இனி யாராவது உங்கள் உடம்பைப் புகழ்ந்தால், டிராலி எங்கே என்று கேளுங்கள்.